நரம்பு செல் குளுட்டமேட்டை எப்படி வெளியே விடுகிறது?

காட்பாடியிலிருந்து ஒரு நர்சிங் மாணவி இதைக் கேட்டிருக்கிறார். ஃப்ரைட் ரைஸில் போடும் சுவையுப்பும் (அஜினோமோட்டோ) குளுட்டமேட்தானே, அது மூளைக்குப் போகாதா என்றும் கேட்கிறார்.

குளுட்டமேட் என்பது ஒரு நரம்பு செல் அடுத்த செல்லைத் தூண்ட அனுப்பும் வேதிப்பொருள். நரம்பின் நுனியில் சுமார் 40 நானோமீட்டர் அகலமுள்ள நுண்பைகளில் குளுட்டமேட் அடைபட்டிருக்கும். மின் துடிப்பு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கும். உள்ளே பாயும் கால்சியத்தை சினாப்டோடாக்மின் என்ற புரதம் உணரும். ஸ்னேர் புரதங்கள் ஏற்கெனவே சவ்வோடு சேர்த்துப் பிடித்திருந்த பை, ஒரு மில்லிசெகண்டுக்குள் சவ்வில் கலந்து திறந்துவிடும். அவ்வளவு வேகம்! இதைத் தெளிவாக்கிய தாமஸ் சூடோஃப் 2013 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காபா என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளுக்கும் இதே வழிதான். ஆனால் அது அடுத்த செல்லை அடக்கும்.

வெளிவந்த குளுட்டமேட் தேங்கினால் செல்லுக்கே ஆபத்து. அதனால் பக்கத்தில் உள்ள ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்கள் உடனே உறிஞ்சி, குளுட்டமினாக மாற்றித் திருப்பித் தரும்.

சரி, சுவையுப்பு? பெரும்பகுதியைக் குடலே எரிபொருளாக்கிவிடும். மிச்சத்தை ரத்த-மூளைத் தடை பெரும்பாலும் நிறுத்திவிடும். வேலூர் பஸ் ஸ்டாண்ட் கடையில் நான் பார்ப்பது எண்ணெயைத்தான்.