கஸ்டமர் என் பர்சனல் இன்ஸ்டாவுக்கே வந்துட்டார், என்ன பண்றது அக்கா?

கேள்வி: அக்கா, நான் வீட்ல இருந்தே லோகோ, போஸ்டர், புக் கவர் எல்லாம் டிசைன் பண்ணிக் கொடுக்கிறேன். கஸ்டமர் எல்லாருமே ஆன்லைன்தான், யாரையும் நேர்ல பார்த்ததில்ல. மூணு வேலை கொடுத்த ஒருத்தர், இதுவரைக்கும் மரியாதையாதான் பேசிட்டிருந்தார், போன வாரம் என் பர்சனல் இன்ஸ்டாவுக்கு வந்து "உங்க பொண்ணு ரொம்ப அழகா இருக்கா, அவளுக்கு பிறந்தநாள் வாழ்த்துக்கள்"னு மெசேஜ் போட்டிருக்கார். அந்த ஐடியை நான் அவருக்குக் கொடுக்கவே இல்ல. கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. எப்படிக் கண்டுபிடிச்சிருப்பார்? இனிமே வேற பேர்ல வேலை பார்க்கலாமா, அது ஏமாத்துற மாதிரி ஆகிடாதா? வீட்டுக்காரர் இந்த வேலையே வேணாம்ங்கிறார்.
பெயர் வேண்டாம், ப்ளீஸ்.

பதில்: வேலையை விட வேணாம்மா. வீட்டுக்காரர் பயத்துல சொல்றார், அது புரியுது, ஆனா பிரச்சனை வேலையில இல்ல, வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே நம்பர் ஒரே மெயில் ஐடி வெச்சிருக்கீங்க பாருங்க, அதுலதான் இருக்கு. லெட்டர்ல நீங்க அதைச் சொல்லல, ஆனா பத்துல ஒன்பது பேர் அப்படித்தான் வெச்சிருப்பாங்க, நீங்களும் அப்படித்தான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்னு கேட்டீங்க. ஹேக்கிங் எல்லாம் பண்ணியிருக்க மாட்டார். வேலை பேச உங்க நம்பரை அவர் போன்ல சேவ் பண்ணியிருப்பார், அவர் போன்ல இன்ஸ்டாவுக்கு கான்டாக்ட்ஸ் பர்மிஷன் கொடுத்திருந்தா அந்த நம்பர் யார் அக்கவுன்ட்ல இருக்கோ அவங்களை "இவங்களை உங்களுக்குத் தெரியுமா"ன்னு ஆப்பே கொண்டுவந்து காட்டும். அவர் தேடியிருக்கணும்னு கூட அவசியமில்ல. இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, நீங்க உங்க போன்ல கான்டாக்ட் சிங்க்கை ஆஃப் பண்ணிட்டா மட்டும் இது நிக்காது, ஏன்னா உங்க நம்பரை ஆப்புக்குக் கொடுத்தது நீங்க இல்ல, அவர். அதனால பர்சனல் அக்கவுன்ட்ல இருந்து அந்த நம்பரையே எடுத்துட்டு, கஸ்டமர் யாருக்கும் தெரியாத மெயில் ஐடியை மட்டும் வைக்கணும். இல்லன்னா வேலைக்குன்னு தனி நம்பர் வாங்கணும், என்னைக் கேட்டா ரெண்டையும் பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன்.

வேற வழிகளும் இருக்கு. டிசைன் ஃபைலை கூகுள் டிரைவ்ல போட்டு லிங்க் அனுப்பியிருந்தீங்கன்னா, அந்த அக்கவுன்ட்டோட பேரும் மெயில் ஐடியும் அவருக்குத் தெரியும், ப்ரொஃபைல்ல பாப்பாவோட எடுத்த படம் இருந்தா அதுவும் சேர்ந்துதான். பிடிஎஃப் அனுப்பினா ப்ராப்பர்ட்டீஸ்ல "ஆத்தர்"னு ஒரு இடம் இருக்கும், கம்ப்யூட்டர் வாங்கின அன்னைக்கு செட்டப்ல என்ன பேர் அடிச்சீங்களோ அது பல நேரம் அங்கேயே உக்காந்திருக்கும். வேலை ப்ரொஃபைலுக்கும் பர்சனலுக்கும் ஒரே செல்ஃபியை வெச்சிருந்தா கூகுள் லென்ஸ்லயோ டின்ஐலயோ படத்தைப் போட்டே தேடிடலாம். எல்லா சைட்லயும் ஒரே யூசர்நேம் வெச்சிருந்தா சொல்லவே வேணாம்.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. பிரவுசர்ல இன்காக்னிட்டோ விண்டோ திறந்து உங்க நம்பர், மெயில் ஐடி, யூசர்நேம், ப்ரொஃபைல் ஃபோட்டோ ஒவ்வொண்ணையும் நீங்களே தேடிப் பாருங்க, என்னவோ உங்களைப் பிடிக்காத ஆள் தேடுற மாதிரி தேடுங்க. அதுல என்ன வருதோ அதுதான் அவர் கண்ணுக்கும் வரும்.

அடுத்து அந்த ஏமாத்துறது விஷயம். இல்லம்மா, ஏமாத்துறது இல்லவே இல்ல. கஸ்டமர் காசு கொடுக்கிறது டிசைனுக்கு, உங்க பொண்ணு பிறந்தநாள் தெரிஞ்சுக்கிறதுக்கு இல்ல. எழுதுறவங்க புனைபேர்ல எழுதலையா, அதுல யாராவது ஏமாந்தாங்களா? ஸ்டூடியோ பேர் ஒண்ணு வைங்க, இல்ல பேரோட முதல் பாதியை மட்டும் போடுங்க, ஃபோட்டோவுக்குப் பதிலா நீங்களே ஒரு லோகோ போடுங்க, அதுதானே உங்க தொழிலே. ஆனா ஒரு இடத்துல நான் கண்டிப்பா இருப்பேன், பேங்க், டாக்ஸ், வேலை பிடிச்சுக் கொடுக்கிற சைட்டோட வெரிஃபிகேஷன், இங்கெல்லாம் நிஜப் பேர், நிஜ டாக்குமென்ட்தான். அங்க வேற பேர் கொடுத்தா அக்கவுன்ட் முடங்கும், உள்ள இருக்கிற காசும் மாட்டிக்கும், சட்டச் சிக்கலும் வரும். அதே மாதிரி வேற யாரோட முகத்தையோ ப்ரொஃபைல்ல வைக்கிறது, படிக்காத படிப்பைப் போட்டுக்கிறது, அதெல்லாம் பிரைவசி கணக்குல வராது, அது பொய்தான். பெரிய கம்பெனி ஒண்ணு கான்ட்ராக்ட் போடணும்னு கேட்டா அதுல நிஜப் பேர் வரும், வரட்டும், கையெழுத்துக்கு முன்னாடி அவங்க யாருன்னு நீங்களும் விசாரிங்க. சொந்தமா வெப்சைட் வெச்சு விக்கிறதா இருந்தா மட்டும் உங்க நாட்டுச் சட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கோங்க, ஜெர்மனி மாதிரி சில நாடுகள்ல தொழில் பண்ற வெப்சைட்ல பேரும் அட்ரஸும் போட்டே ஆகணும்.

பணம் வாங்குற இடத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஸ்டூடியோ பேர், லோகோ எல்லாம் பக்காவா வெச்சிருப்பாங்க, கடைசியில பேமென்ட் ரசீதுல முழுப் பேர், அப்பா பேரோட இனிஷியல் வரைக்கும் போய் நிக்கும். பேபால்ல பர்சனல் அக்கவுன்ட்னா காசு அனுப்புறவருக்கு உங்க பேர் தெரியும், பிசினஸ் அக்கவுன்ட்ல தொழில் பேரைக் காட்டலாம். வேற ஆப்ல எப்படின்னு குழப்பமா இருந்தா, ஃப்ரெண்ட் ஒருத்தரை ரொம்பச் சின்னத் தொகை அனுப்பச் சொல்லி அவங்க ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு ஸ்க்ரீன்ஷாட் வாங்கிப் பாருங்க, ஹெல்ப் பேஜ் படிக்கிறதை விட அது வேகம். இன்வாய்ஸ்ல வீட்டு அட்ரஸ் போடுற பழக்கம் இருந்தா, சட்டப்படி தேவையான்னு பார்த்துட்டு தேவை இல்லன்னா எடுத்துடுங்க.

ஃபோட்டோ விஷயம் உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா டிசைன் பண்றவங்க குவாலிட்டி போயிடும்னு வாட்ஸ்அப்ல படத்தை டாக்குமென்ட்டா அனுப்புவீங்க. சாதாரணமா ஃபோட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் அதைச் சுருக்கும்போது உள்ள இருக்கிற லொகேஷனும் போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா ஃபைல் அப்படியே போகும், போன் கேமரால லொகேஷன் ஆன்ல இருந்தா எந்த இடத்துல நின்னு எடுத்தீங்கங்கிறதும் கூடவே போகும். பேப்பர்ல வரைஞ்ச ஸ்கெட்ச்சை வீட்டு டேபிள் மேல வெச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்புறீங்கன்னு வைங்க, வீட்டையே அனுப்பின மாதிரிதான். ஆன்டிவைரஸ் கம்பெனி ஆரம்பிச்ச ஜான் மெக்கஃபி இருந்தாரே, 2012 டிசம்பர்ல அவர் தலைமறைவா சுத்திட்டிருந்தப்ப கூட இருந்த பத்திரிகைக்காரங்க அவரோட ஃபோட்டோவை ஆன்லைன்ல போட்டாங்க, ஐஃபோன்ல எடுத்த படம், உள்ள ஜிபிஎஸ் அப்படியே இருந்துச்சு, ஆள் குவாத்தமாலாவுல எந்த இடத்துல இருக்கார்னு உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு. கம்ப்யூட்டர் பாதுகாப்புலயே சம்பாதிச்ச மனுஷனுக்கே இந்தக் கதி. கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷனை ஆஃப் பண்ணிடுங்க, அரை நிமிஷ வேலை. மீட்டிங்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணும்போது முழு ஸ்க்ரீனையும் காட்டாம அந்த ஒரு விண்டோவை மட்டும் காட்டுங்க.

இதெல்லாம் செட்டிங்ஸ், ஒரு நாள்ல முடிஞ்சிடும். கஷ்டமானது என்னன்னா நம்ம வாய். "சாரி சார், பாப்பாவுக்கு ஜுரம் அதான் லேட்", "இங்க காலைல இருந்து ஒரே மழை, கரன்ட் இல்ல", "நாளைக்கு என் பர்த்டே, நாளன்னைக்கு அனுப்பட்டுமா", இப்படித்தானே பேசுவோம். மனுஷங்க அப்படித்தான் பேசுவாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா மழையை வெச்சு ஊர், ஜுரத்தை வெச்சு குழந்தை இருக்குங்கிறது, பர்த்டேயை வெச்சு தேதி, ஒரு வருஷ சாட்டை ஒருத்தர் மேல இருந்து கீழ ஸ்க்ரோல் பண்ணினா உங்க பயோடேட்டாவே கிடைச்சிடும். லடான்யா ஸ்வீனின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2000ல ஒரு கணக்கு போட்டாங்க, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தபால் பின்கோடு, இந்த மூணு மட்டும் தெரிஞ்சா அமெரிக்காவுல 87 சதவீதம் பேரை இன்னார்தான்னு தனியா அடையாளம் காட்டிடலாம்னு. பேரே தேவைப்படல பாருங்க. அதனால லேட் ஆனா காரணம் சொல்லாதீங்க, தேதி சொல்லுங்க. "ஒரு நாள் தள்ளிப்போகுது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபைல் உங்க கைல இருக்கும்." கஸ்டமருக்கும் அதுதான் வேணும், ஜுரக் கதை யாருக்கும் வேணாம்.

விபிஎன் வாங்கினா போதும்னு யூட்யூப்ல நிறைய பேர் சொல்லுவாங்க, அது உங்க ஐபி அட்ரஸை, அதாவது நெட்ல உங்க இணைப்புக்கு இருக்கிற நம்பரை மறைக்கும், அவ்வளவுதான். மெயிலுக்குக் கீழ சொந்த நம்பரைப் போட்டுட்டு விபிஎன் போட்டு என்ன பிரயோஜனம்? அந்தக் காசுக்கு ரெண்டாவது சிம் வாங்கலாம். வேலை மெயிலுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க, அதாவது பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கிற மாதிரி, முடிஞ்சா அந்தக் கோடு எஸ்எம்எஸ்ல வர்றதுக்குப் பதிலா போன்லயே கோடு காட்டுற ஆதென்டிகேட்டர் ஆப்.

இப்ப அந்த மனுஷர். பர்சனல் இன்ஸ்டால பதில் போடாதீங்க, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க"ன்னும் கேக்காதீங்க, அதுவே ஒரு பேச்சை ஆரம்பிச்சு வெச்சிடும். முதல்ல மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அப்புறம் அக்கவுன்ட்டை பிரைவேட் ஆக்குங்க, ஃபாலோயர் லிஸ்ட்ல அவர் இருந்தா தூக்குங்க, பிளாக் பண்ணினாலும் தப்பில்ல. வேலை பேசுற இடத்துல மட்டும் ஒரே ஒரு தடவை எழுதுங்க: "வேலை விஷயமா இந்த நம்பர்லயும் மெயில்லயும் மட்டும் பேசுவேன், பர்சனல் அக்கவுன்ட்ல கஸ்டமர்ஸ் யாரையும் சேர்க்கிறதில்ல." சாரி வேணாம், ஸ்மைலி வேணாம். நல்ல எண்ணத்துல வாழ்த்தினவர்னா "ஓ சரிங்க"ன்னு அதோட விட்டுடுவார், ஆப் காட்டுச்சு, யோசிக்காம போட்டுட்டார்னு எடுத்துக்கலாம். அதுக்கப்புறமும் வேற ஐடில வந்தாலோ, பொண்ணு பேச்சை மறுபடி எடுத்தாலோ, கையில இருக்கிற வேலையை முடிச்சுக் கணக்கை செட்டில் பண்ணிட்டு நிறுத்திடுங்க, அந்தக் காசு போனாலும் பரவாயில்ல. மிரட்டுற மாதிரி ஒரு வார்த்தை வந்தாக் கூட ஸ்க்ரீன்ஷாட்டோட சைபர் க்ரைம் போலீஸ்கிட்ட போங்க, வேலை சைட் மூலமா வந்தவர்னா அங்கேயும் ரிப்போர்ட் பண்ணுங்க. வீட்டுக்காரரையும் இதெல்லாம் பண்ணும்போது பக்கத்துல உக்கார வைங்க, பாதி பயம் போயிடும் அவருக்கு.

ஒண்ணு விட்டுப்போச்சு, சொந்தக்காரங்க. நீங்க புதுசா ஸ்டூடியோ பேர்ல பேஜ் ஆரம்பிச்ச அன்னைக்கே உங்க நாத்தனார் வந்து "சூப்பர் அண்ணி, கலக்குறீங்க"ன்னு உங்க நிஜப் பேரோட டேக் பண்ணி கமென்ட் போடுவாங்க, சித்தி பழைய குடும்ப ஃபோட்டோவை ஷேர் பண்ணுவாங்க. அவங்களுக்கெல்லாம் முன்னாடியே போன் பண்ணி, பேஜுக்கு லைக்கும் வேணாம் கமென்ட்டும் வேணாம், வீட்ல வந்து பாராட்டுங்கன்னு சொல்லிடுங்க. கோவிச்சுக்குவாங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்.