பெரிய டயர், சின்ன இஞ்சின்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டயர். மழை பெய்து ஓடைப் பாதை கெட்டதும் இது வழக்கம்தான். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். வண்டியின் ஜாதகத்தையே எழுதி அனுப்பியவர்கள் மன்னிக்கணும்.

தோப்புக்கும் வால்பாறைக்கும் ஓட்ட மாருதி ஜிப்ஸி ஜீப் வெச்சிருக்கேனுங்க. 1.3 லிட்டர் பெட்ரோல், 205/70 ஆர் 15 டயர். கடைக்காரர் 31 இஞ்ச் போடுங்க, எடுப்பா இருக்கும்கிறாரு. இழுக்குமா? – பொள்ளாச்சி

எடுப்பா இருக்கும். இழுக்காது.

கணக்கு எளிதுங்க. 205 என்பது அகலம், மி.மீ. கணக்கில். பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 143.5. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 15 இஞ்ச் ரிம் 381. கூட்டினால் விட்டம் 668 மி.மீ. உங்கள் கடைக்காரர் சொல்லும் 31 இஞ்ச் 787 மி.மீ. ஏறக்குறைய 18 சதவீதம் அதிகம். ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். சக்கரம் மண்ணைத் தள்ளும் விசையில் 15 சதவீதம் போய்விடும். இஞ்சின் அதே 80 குதிரைதான், டயர் வாங்கியதற்காக அது வளராது. ஆழியாறு தாண்டி ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் திரும்பிய இடத்தில் முதல் கியர் தேடுவீர்கள். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது ஐந்தாவது கியர் அலங்காரத்துக்கு மட்டும். தோப்பு மேட்டில் நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் வாடை வரும். பிரேக்குக்கும் இதே கதி: டயர் பெருத்தால் நிறுத்த அதே மிதி பத்தாது.

பெரிய டயருக்கு ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு. ஜிப்ஸியில் கல்லில் இடிப்பது அச்சில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை, அதாவது இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் அது உயராது, டயர் பெருத்தால்தான் உயரும். அதிலும் விட்டம் கூடியதில் பாதிதான் கிடைக்கும்: 119 மி.மீ. கூட்டினால் 60. 215/75 ஆர் 15 போட்டால் விட்டம் 703, கூடுதல் 5 சதவீதம், உருண்டை 18 மி.மீ. உயரும், கியரும் தாங்கும். அதோடு நிறுத்துங்க. வாங்கும்போது பக்கச்சுவரில் லோடு எண் பழைய டயரில் இருப்பதைவிடக் குறையாமல் பாருங்க. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 100 என்றால் 800.

மாருதி ஜிம்னிக்கு 235/75 ஆர் 15 எம்.டி. (சேற்றுக்கான பட்டன்) டயர். கம்பெனி ரிம்மிலேயே உக்காந்துரும்னு சொல்றாங்க. – கோவை

உட்காரும். சேராத செருப்பில் காலும்தான் நுழையும்.

ஜிம்னியின் ரிம் அகலம் 5.5ஜே, அதாவது 5.5 இஞ்ச். 235/75 ஆர் 15 டயருக்குக் குறைந்தது 6 இஞ்ச் அகல ரிம் வேண்டும். குறுகலான ரிம்மில் டயர் நடுவில் புடைத்து நிற்கும்; நடுப்பட்டன்கள் (ரப்பர்க் கட்டிகள்) சீக்கிரம் தேயும். மண்ணுக்காகக் காற்றை இறக்கினால் வளைவில் டயர் ரிம்மை விட்டே கழன்று வரும். 5.5 ரிம்மிலேயே போடணும் என்றால் 215/75 ஆர் 15 சரியான அளவு. கம்பெனி 195/80-ஐவிட விட்டம் 10 மி.மீ.தான் கூடும், பிடிப்பு மண்ணில் நன்றாகத் தெரியும்.

235-தான் வேணும் என்று பிடிவாதம் இருந்தால் ரிம்மும் சேர்த்து வாங்குங்க: 5 போல்ட், 139.7 மி.மீ. பி.சி.டி. (போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்). பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு டயரை முன்னால் மாட்டச் சொல்லி, அந்தச் சக்கரத்தையே ஓர் அடி உயர மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்க. பம்பரின் பின் ஓரம், உள் மட்கார்டு பிளாஸ்டிக், சேசிஸ் பக்கம் இருக்கும் ராடு, இந்த மூன்று இடத்திலும் விரல் நுழையணும். சமதளத்தில் ஒடித்துக் காட்டி “பாருங்க, உரசவே இல்லை” என்பார்கள். அது பரிசோதனை இல்லை.

வாங்கினால் ஐந்தாக வாங்குங்க. இந்த வண்டிக்கு முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு மூலையில் சின்ன ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கெட்டித் தரையில் நாலு சக்கர ஓட்டம் (4x4) போட்டால், இரண்டு அச்சுக்கும் ஓட்டம் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டி முறுக்கேறி நிற்கும். கனமான ஐந்தாவது டயர் பின் கதவில் தொங்கும் என்பதால் ஆறு மாசத்துக்கு ஒருமுறை கீல் போல்ட்டுகளையும் இறுக்குங்க.

ஸ்பேசர் போட்டா உரசாதாமே? – அவிநாசி

ஸ்பேசர் என்பது சக்கரத்தை வெளியே தள்ள ரிம்முக்குப் பின்னால் வைக்கும் வட்டத் தகடு. உள்ளே உரசாது, வெளியே மட்கார்டில் உரசும், வீல் பேரிங் சீக்கிரம் பாடும். 25 மி.மீ. அலுமினிய ஸ்பேசர் நாலு நானும் வாங்கினவன்தான். இப்போது தண்ணித் தொட்டி மூடி காற்றில் பறக்காமல் பாரமாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த வேலையைக் குறை சொல்ல முடியாது.

புதுசுன்னு சொல்லி நாலு டயர் குடுத்தாங்க, பில்லும் இருக்குது. ரெண்டே மாசத்துல பக்கச்சுவர் பூரா வெடிப்பு. பஞ்சர் கடைக்காரர் கழட்டிப் பாத்துட்டு 1418-னு போட்டிருக்குன்னாரு. அப்படின்னா என்னங்க? – கோபி

2018-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதுவும் நன்றாகத் தெரிந்தே.

இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்தான் வாரமும் வருஷமும். பெரும்பாலான டயரில் இந்த நாலு எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் வண்டிக்கு உள்ளே வரும்படி மாட்டிவிட்டால், அடியில் படுத்து டார்ச் அடித்தால் ஒழிய உங்களுக்குத் தெரியாது. மேலே பாலிஷ் தடவினால் ஏழு வருஷ ரப்பரும் மாப்பிள்ளை மாதிரி மின்னும். ரப்பர் வெயிலில் ஓடித்தான் கெட வேண்டும் என்றில்லை; தகரக் கொட்டகைச் சூட்டில் அடுக்கி வைத்தாலே இறுகும், வெடிக்கும். அதிகம் விற்காத பட்டன் டயர் அளவுகளில்தான் இந்தப் பழைய சரக்கு தேங்கும். ஆகவே மாட்டும் முன், டயர் தரையில் கிடக்கும்போதே எண்ணைப் படியுங்க. நாலு டயரின் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்க. எழுத மறுக்கும் கடையில் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்க.

இனி செய்ய வேண்டியது. எண்ணும் வெடிப்பும் தெரியும்படி நாலு டயரையும் படம் எடுங்க. “புதுச் சரக்கு” என்று வாட்ஸாப்பில் சொல்லியிருந்தால் அழிக்காதீங்க. பழைய தேதியை மறைத்து விற்றதற்கு அதுதான் சாட்சி. 15 நாள் கெடு கொடுத்துக் கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்க. பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்க. அதற்கும் அசையவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், இரண்டு வருஷத்துக்குள் போகணும். கழற்றிய டயர்களைக் கடையில் விட்டுவிடாதீங்க.

பில் இல்லாம வாங்கினா 18 சதவீதம் கம்மின்னாங்க. மூணே வாரத்துல ஒரு டயர் பக்கத்துல முட்டை மாதிரி வீங்கிருச்சு. மாத்தித் தர மாட்டேங்கிறாங்க. – தாராபுரம்

18 சதவீதத்தை மிச்சம் பிடித்து 100 சதவீதத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். எந்தக் கடை, எந்தத் தேதி, என்ன விலை என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? வீங்கிய டயரை இன்றைக்கே கழற்றுங்க, அது உள்ளே நூல் அறுந்தது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்.

235/75 போட்ட பிறகு ஜிப்ஸி மைலேஜ் 12-லிருந்து 10.5-க்கு வந்துருச்சு. – உடுமலை

பாதிக்கு மேல் மீட்டரின் பொய். உங்கள் டயர் விட்டம் 733, பழையது 668. மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி 110 ஓடியிருக்கிறது. 10.5-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 11.5. மீதி அரை கிலோமீட்டர் எடைக்கும் பட்டனுக்கும் போகிறது. மைலேஜைவிட வேகத்தைக் கவனியுங்க: முள் 80 காட்டினால் நீங்கள் 88-இல் போகிறீர்கள்.

கிரவுன்-பினியன் மாத்தினா இழுவை திரும்ப வருமா? – வால்பாறை

வரும். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன்; இந்தப் பல் விகிதத்தை மாற்றினால் இழுவை கூடும். ஆனால் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே விகிதம் இருக்கணும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கர ஓட்டம் போட்டால் ஏதாவது ஒன்று உடையும். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்கணும். தனித்தனியாகக் கழற்றியதைச் சேர்த்தால் ஊளையிடும். மெக்கானிக் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, டயல் கேஜில் பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள ஆட்டம்) பார்த்து, பல்லில் கலர் தடவிப் பதிவு பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்க. காதை வைத்துக் கேட்டே முடித்துவிடுகிறவரிடம் கொடுக்காதீங்க. முதல் 500 கி.மீ.யில் எண்ணெய் மாற்றம்.

பட்டன் பேட்டர்ன்ல ரீட்ரேடு பாதி விலைக்கு வருது. – நாமக்கல்

ரீட்ரேடு என்றால் தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது. தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குப் போடலாம். கொல்லிமலை 70 வளைவு இறங்கும் வண்டிக்கு வேண்டாம்.

பெரிய டயர் போட்டா ஆர்.டி.ஓ. பிடிப்பாங்களா? – ஈரோடு

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்ற விடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே சொன்னது. கம்பெனி கையேட்டில் உள்ள அளவுகளுக்குள் நில்லுங்க; மேலே நான் சொன்ன அளவுகளுக்கும் இதே பேச்சுத்தான். 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் பழைய டயரைப் பத்திரமாக வைத்திருங்க.

டயர் மாத்தாம ஓடை மணல்ல போக வழியே இல்லீங்களா? – காங்கயம்

இருக்கு, செலவும் இல்லை. கதவோரத் தகட்டில் காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ. என்று இருந்தால் 18-க்கு இறக்குங்க. டயர் தரையில் நீளமாகப் படியும், மணலில் புதையாது. 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீங்க, ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீங்க. தார் ரோடு ஏறும் முன் திரும்ப 26. காற்றடிக்கும் மெஷின் பேட்டரியில் நேராகக் கவ்வும் வகையாக இருக்கட்டும். சிகரெட் லைட்டரில் செருகும் வகை மூன்றாவது டயரில் புகைந்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீங்க.