மில் உணர்ச்சியற்றவரா?

அன்புள்ள ஐயா,
கல்லூரியில் பயன்வாதம் படிக்கிறோம். இன்பத்தைக் கூட்டி, துன்பத்தைக் கழித்து, மிஞ்சுவதே அறம் என்கிறார்கள். இவ்வளவு ஈரமில்லாத கணக்கை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் எப்படி நம்பினார்? அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் வேறு. அவரை ஏன் படிக்க வேண்டும்?
கே.

அன்புள்ள கே,
நீங்கள் சொல்லும் கூட்டல் கழித்தல், மில்லுக்கு முந்தைய தலைமுறையில் பயன்வாதத்தை வகுத்த ஜெரமி பெந்தாமுடையது. மில் அதற்குள்ளேயே வளர்க்கப்பட்டவர், அதனால்தான் அது எங்கே போதாமல் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. அப்பா ஜேம்ஸ் மில் பையனைப் பள்ளிக்கே அனுப்பாமல், 3 வயதில் கிரேக்கம், 8 வயதில் லத்தீன் என்று தானே பாடம் சொல்லி, பெந்தாமின் கொள்கைக்கு ஒரு வாரிசாகவே வளர்த்தார். 1826இல், 20 வயதில், மில் தன்னையே கேட்டுக்கொள்கிறார்: நான் விரும்பும் சீர்திருத்தமெல்லாம் இந்த நிமிடமே நடந்துவிட்டால் எனக்கு மகிழ்ச்சி வருமா? வராது என்று மனம் சொல்லிவிடுகிறது. அப்புறம் மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, வேலை மட்டும் பழக்கத்தில் நடக்கிறது. மார்மோந்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளில், அப்பா இறந்த வீட்டில் சின்னப் பையன் ஒருவன், இனி உங்களுக்கு எல்லாமாக நான் இருப்பேன் என்று முடிவெடுக்கும் இடம் வருகிறது. அதைப் படித்ததும் மில்லுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தனக்குள் உணர்ச்சி செத்துவிடவில்லை என்று தெரிந்ததே அவருக்குப் பெரிய ஆறுதல். பிறகு வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவரை மெல்லத் தேற்றின.

இதை மனதில் வைத்துக்கொண்டு, 1861இல் அவர் எழுதிய பயன்வாதக் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். இன்பத்தில் அளவு மட்டுமல்ல, தரமும் உண்டு என்கிறார். தரம் உள்ளே வந்தால் கணக்கு கலைந்துவிடும் என்று அன்றிலிருந்து இன்றுவரை கேட்கிறார்கள். கலையத்தான் செய்கிறது, ஆனால் கணக்கைக் காப்பாற்றுவதற்காக, தான் பட்டு அறிந்ததை அவர் மறைக்கவில்லை, அதனால்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. 1851இல் ஹாரியட் டெய்லரை மணப்பதற்கு முன், கணவனுக்குச் சட்டம் கொடுக்கும் அதிகாரங்கள் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர். 1867இல் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196.

கம்பெனி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். 1823 முதல் 1858 வரை லண்டன் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தியாவுக்குப் போக வேண்டிய கடிதங்களை எழுதியவர், ஒருமுறைகூட இந்தியாவைப் பார்த்ததில்லை. தனிமனித சுதந்திரத்துக்காக 1859இல் அவ்வளவு உறுதியாக எழுதிய 'சுதந்திரம் பற்றி' (On Liberty) என்ற நூலிலேயே, 'நாகரிகம் அடையாத' மக்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் முன்னேற்றத்துக்காக என்றால் சர்வாதிகாரமே தகும் என்கிறார். இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பகுதி இருக்கிறது, தாண்டிப் போகாமல் படியுங்கள்.