உணவகக் கிளைகளின் சோஷியல் மீடியா வேலையை ஏஐ ஏஜென்ட்டிடம் முழுதாக விட்டுவிடலாமா?

மூன்று கிளைகள் இருக்கின்றன, இன்ஸ்டாகிராம், கூகுள் ரிவ்யூ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஏஜென்ட்டே பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனேகமாக இந்த வேலைக்கு வைத்திருந்த பையன் நின்றிருப்பான். இல்லையென்றால் மாதம் பத்து போஸ்ட் போட்டுவிட்டு ஏஜென்சிக்காரர் நீட்டிய பில் உங்களை யோசிக்க வைத்திருக்கும். எங்களுக்கு இரண்டுமே நடந்தது.

முழுதாக விடாதீர்கள். நான் விட்டேன், அதனால் சொல்கிறேன்.

கடை என் தாய்மாமனுடையது. மீன் சாப்பாடு. வட சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் ஆரம்பித்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர் என்று 4 இடமாகியிருக்கிறது. கல்லாவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான். போன வருடம் ஏஜென்ட் ஒன்றை அமைத்தேன். சாட்பாட் என்றால் நாம் கேட்டு, அது சொன்னதை எடுத்துப் போட வேண்டும். இது அப்படியில்லை. படத்தைத் தேர்ந்து, வாசகம் எழுதி, நேரம் பார்த்துப் பதிவிட்டு, கீழே வரும் கமென்ட்டுக்கும் தானே பதில் போடும். மாதிரிக்காக எங்கள் பழைய போஸ்ட்டுகளைக் கொடுத்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை போட்டவை. பிசகு அங்கேதான்.

மே மாதம், ஒரு ஞாயிறு காலை 7 மணி. நான் தூக்கத்தில். “விடியற்காலை காசிமேடு ஏலத்தில் எடுத்த வஞ்சிரம், மதியம் உங்கள் இலையில்!” என்று போஸ்ட் போய்விட்டது. படம் பிப்ரவரியில் எடுத்தது. பிப்ரவரியில் அந்த வாசகமும் உண்மைதான்.

கடலோரக்காரர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகும் ஃபைபர் போட்டும் கரையோரமாகப் போய்வரும், அவ்வளவுதான். எங்கள் கடையில் அன்று இருந்த வஞ்சிரம் கேரளாவிலிருந்து லாரியில் ஐஸ் பெட்டியில் வந்தது. அதை நாங்கள் மறைக்கவும் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றன்றைய மீனும் விலையும் சாக்பீஸில் எழுதுவோம். அன்றும் ‘வஞ்சிரம் - கேரளா’ என்றுதான் எழுதியிருந்தது.

முதல் கமென்ட்: “போட்டெல்லாம் கரையில கட்டிக் கிடக்குது. நீங்க எதுல போய்ப் புடிச்சீங்கண்ணா?”

ஏஜென்ட் சொன்ன பதில்: “எங்கள் மீன்கள் அனைத்தும் தினமும் புத்தம் புதியவை! உங்கள் அன்புக்கு நன்றி.” கூடவே இரண்டு இதயம், ஒரு மீன்.

அதற்குக் கீழே 40 கமென்ட். ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் இதயம் கொடுத்திருந்தது. எனக்கு முழிப்பு வந்ததே மாமாவின் போனில்தான். அதற்குள் ஏலத்தில் எங்களுக்கு மீன் எடுத்துக் கொடுக்கும் அக்கா அவரைக் கூப்பிட்டிருந்தார். “தடையில மீன் புடிக்கிறோம்னு எங்க பேரையே போட்டுக் குடுக்கிறியே தம்பி, நாளைக்கு அதிகாரி வந்து நின்னா நீயா பதில் சொல்லுவே?” மாமா என்னைத் திட்டவில்லை. “போர்டுல ஒண்ணு எழுதுறோம், போன்ல ஒண்ணு வருது. ரெண்டும் ஒரே கடைதானேடா?” என்று மட்டும் கேட்டார். மன்னிப்புப் போஸ்ட்டை நானே எழுதினேன். அதை ஏஜென்ட்டிடம் கொடுக்க மனம் வரவில்லை.

“நீ சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, கருவியைக் குறை சொல்லாதே” என்று இப்போதே ஒருவர் டைப் செய்துகொண்டிருப்பார். ஒப்புக்கொள்கிறேன் ஐயா. தடைக்காலம் என்று ஒரு வரி கொடுத்திருந்தால் அது தப்பு செய்திருக்காது. ஆனால் அப்படி எத்தனை வரி கொடுப்பது? புரட்டாசிக்கு ஒரு வரி, புயலுக்கு ஒரு வரியா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் பக்கம் கச்சா எண்ணெய் பரவியபோது மீன் என்றாலே ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் வரி எழுதித் தரவில்லை.

இன்னொரு கூத்து. பிறந்தநாளுக்குத் தள்ளுபடி உண்டா என்று பெரம்பூரில் ஒருவர் மெசேஜில் கேட்க, ஏஜென்ட் 20 சதவீதம் என்று சொல்லிவிட்டது. நாங்கள் அப்படி அறிவித்ததே இல்லை. 12 பேரோடு வந்து போனைக் காட்டினார், கொடுத்தோம். கொடுக்காமல் முடியாது. கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொன்ன வழக்கில், சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாதம் எடுபடவில்லை. 2024இல் அந்தப் பயணிக்குப் பணம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மாமாவுக்கு அந்தத் தீர்ப்பெல்லாம் தெரியாது. “நம்ம கடை பேர்ல சொல்லியாச்சு, குடு” என்றார்.

படம் வரையச் சொன்னது தனிக் கொடுமை. ‘வட சென்னை ஸ்டைல்’ என்று கேட்டால் லுங்கி, அழுக்குச் சந்து, முறைக்கிற நாலு பேர். வாசகத்தில் “இன்னா நைனா”. எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டு வருஷக்கணக்காகிறது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது இதே வட சென்னையின் ராயபுரத்திலிருந்து. அதை வரைய அதற்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லியும் பயனில்லை, சினிமாக்காரர்கள் காட்டியதைத்தானே படித்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அதை நிறுத்தவில்லை. இப்போது தினமும் காலை 10 மணிக்கு ஒவ்வொரு கிளையும் கரும்பலகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். ஏஜென்ட் அதைப் படித்துத்தான் எழுதும். போர்டில் இல்லாதது போஸ்ட்டில் வராது. மாமாவோ நானோ கட்டைவிரல் காட்டினால்தான் வெளியே போகும். முதல் வாரம் இதிலும் ஒரு சிக்கல். தீர்ந்த மீனின் மேல் கோடு போடுவது எங்கள் வழக்கம், அது அந்தக் கோட்டைத் தலைப்புக்கு அடிக்கோடு என்று எடுத்துக்கொண்டு சங்கராவைச் சிறப்பு உணவாக்கிவிட்டது. இப்போது அழித்துவிட்டுத்தான் படம் எடுக்கிறோம்.

ராத்திரி 11 மணிக்கு வரும் “பார்சல் உண்டா?”, “கார் நிறுத்த இடம் உண்டா?” எல்லாம் அதன் பொறுப்பு, குறையே இல்லை. 4 கிளை ரிவ்யூவையும் சேர்த்துப் படித்துவிட்டு, திருவொற்றியூரில் மட்டும் சாப்பாடு தாமதம் என்ற புகார் கூடுகிறது என்று அதுதான் கண்டுபிடித்தது. காரணம் எங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்றால் மாஸ்டரும் வர முடியாது, மீனும் வராது. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! பள்ளிக்கூட வேன்கூட அந்த லாரிகளுக்கு நடுவில்தான் ஊர்ந்து போகிறது. அதைக் கேட்க ஆள் இல்லை, மீன் குழம்பு பத்து நிமிடம் தாமதமானால் ஒரு ஸ்டார்.

விலை, தள்ளுபடி, மன்னிப்பு இந்த மூன்றையும் மட்டும் ஏஜென்ட்டின் கையில் கொடுக்காதீர்கள். எந்த மென்பொருள் என்று கேட்காதீர்கள். சொன்னால் காசு வாங்கிக்கொண்டு எழுதினேன் என்பார்கள்.