பந்து கைநழுவும்போது பிள்ளையின் மனம்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். கையில் எடுப்பதெல்லாம் நழுவி விழுகிறது. சட்டைப் பொத்தான் போடவும் ஷூ லேஸ் கட்டவும் மற்ற பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் கற்றாள். சைக்கிள் இன்றும் வரவில்லை. பள்ளியில் த்ரோபாலுக்கு ஆள் பிரிக்கும்போது இவளைக் கடைசியாகத்தான் எடுப்பார்களாம். பி.டி. வகுப்புள்ள நாளில் வயிற்றுவலி என்கிறாள். 14 வயதான அவள் அண்ணன் கடற்கரையில் நன்றாகக் கால்பந்து ஆடியவன். இந்த ஓராண்டில் மளமளவென்று வளர்ந்த பிறகு அவனும் தடுமாறுகிறான். வீட்டில் நாங்களும் இருவரையும் கேலி செய்திருக்கிறோம். ‘நான் எதுக்கும் லாயக்கில்லம்மா’ என்று மகள் சொன்னதிலிருந்து மனம் ஆறவில்லை. இது வயதுக் கோளாறுதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குளச்சல்

பதில்: சகோதரி, இருவரின் தடுமாற்றமும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடுகிறது. ஓராண்டிலேயே 8 முதல் 10 செ.மீ. வரை வளர்ந்துவிடுவார்கள். முதலில் பாதமும் காலும் நீள்கின்றன, உடல் பிறகுதான் நீள்கிறது. பழைய கால் அளவுக்குப் பழகிய மூளை புதிய அளவுக்குப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை மகன் ஆட்டத்தை விட்டுவிடாமல் இருந்தால் போதும். ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆடுகளத்தில்தான் நட்பு. அணியில் இடம் போனால் மாலைப் பொழுதும் கூட்டாளிகளும் சேர்ந்தே போய்விடுவதை அவன் வாய்திறந்து சொல்ல மாட்டான்.

மகளின் நிலை அப்படியல்ல. பொத்தானில் தொடங்கிச் சைக்கிள் வரை சிறு வயது முதலே தொடர்ந்து வருவதால், மருத்துவர்கள் ‘வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்று சொல்வது இதுதானா என்று பார்த்துவிட வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருக்கிறது. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, சோம்பலும் இல்லை. ஆண்பிள்ளைகளிடம்தான் இது அதிகமாகக் கண்டறியப்படுகிறது. பெண்பிள்ளை ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தால் அடக்கம் என்று சொல்லி நாம் விட்டுவிடுவதும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள், கண்பார்வையையும் சோதித்துவிடுங்கள். தடுமாற்றம் திடீரென்று தொடங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இது மகனுக்கும் பொருந்தும்.

இனி, அவள் சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். பந்து நழுவியதைவிட, நழுவியதை இருபது பேர் பார்த்துச் சிரித்ததுதான் அவளை அப்படிச் சொல்லவைத்திருக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒதுங்கும் பிள்ளைக்குப் பயிற்சி குறைகிறது, பயிற்சி குறையக் குறையத் தடுமாற்றம் கூடுகிறது. இளம்பருவத்தினர் படிப்பு, விளையாட்டு, தோற்றம், நட்பு என்று தம்மைத் தனித்தனியாக எடைபோடுகிறார்கள் என்றும், அவற்றுள் தோற்றத்தைப் பற்றிய எண்ணமே மொத்தத் தன்மதிப்போடு மிக நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது என்றும் அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் கண்டார். எனவே பந்து பிடிக்க வராதது வருத்தமா, ஓடும்போது பிறர் பார்ப்பது வருத்தமா என்று மகளிடம் தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாதவிடாய் நாட்களின் அச்சம்கூட அந்த வயிற்றுவலிக்குள் இருக்கலாம். ஒதுங்குவதில் அவள் தனியாள் அல்ல: 2016-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 85 பெண்களும் 78 ஆண்களும் நாளொன்றுக்கு ஒரு மணி நேர உடலுழைப்பு இல்லாமல் இருந்தார்கள்.

கேலியை இன்றே நிறுத்துங்கள். கேலி செய்தது தவறு என்று நீங்களும் அவள் அப்பாவும் இருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்; மனதுக்குள் வருந்துவது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆள் பிரிக்கும் வேலையை மாணவிகளிடம் விடாமல் ஆசிரியரே எண் சொல்லிப் பிரிக்கும்படி பள்ளியில் கேளுங்கள். நம் மாவட்டத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையைக் கற்றுத்தரும் ஆசான்களில் பொறுமையான ஒருவர் அருகில் இருந்தால் அவரிடம் அனுப்பலாம். அங்கே முதலில் சுவடு, அதாவது காலடி, வைக்கப் பழக்குவார்கள். ஒரே அடியை நூறு முறை வைத்தாலும் யாருடைய ஆட்டமும் தோற்காது, யாரும் அவள்மேல் பந்தை எறியவும் மாட்டார்கள்.

அதற்கு முன்னால் சைக்கிள். இரண்டு பெடல்களையும் கழற்றிவிடுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதால் சைக்கிள் கடையில் கொடுப்பதே நல்லது. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில், வாகனம் வராத இலேசான சரிவில், அவள் கால்களால் உந்தி உந்திப் போகட்டும். பின்னால் பிடிக்க வேண்டாம். அண்ணன் வேண்டுமானால் சற்றுத் தள்ளி உடன் நடக்கட்டும். காலைத் தூக்கிக்கொண்டு பத்தடி உருளப் பழகுவதற்குச் சிலருக்கு ஒரு வாரமும் சிலருக்கு இரண்டு மாதமும் ஆகும். பெடலைத் திரும்பப் பூட்டும் நாளை அவளே சொல்லட்டும்.