சாவியை எடுத்துவிட்டு பட்டன் வைக்கலாமா?

இந்த முறை வந்த கார் கேள்விகள் எல்லாமே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: விலை குறைந்த காரில், வெளியே வாங்கிய புஷ் பட்டன் ஸ்டார்ட் கிட்டைப் பொருத்துவது. அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னுடையது பேஸ் மாடல் சின்னக் கார், மேனுவல் கியர். ஆன்லைனில் கிடைக்கும் கிட்டை வாங்கி மாட்டலாம் என்று இருக்கிறேன். எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் இது சுலபமான வேலை என்கிறார். செய்யலாமா?

பதில்: பட்டன் பொருத்துவது சுலபம், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் உங்கள் சாவி ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை. மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது, ஸ்டியரிங் பூட்டை விடுவிக்கிறது, வந்திருப்பது இந்தக் காரின் சாவிதான் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டுகிறது. கிட் எடுத்துக்கொள்வது இதில் முதல் வேலையை மட்டும்தான். மற்ற இரண்டையும் என்ன செய்யப்போகிறார் என்று அவரிடம் கேளுங்கள், அவர் சொல்லும் பதிலை வைத்து முடிவெடுங்கள்.

மின்சாரத்தை முதலில் பார்ப்போம். இக்னிஷன் சுவிட்சுக்குப் பின்னால் பேட்டரியிலிருந்து வரும் தடிமனான ஒயர் ஒன்றோ இரண்டோ இருக்கும். சாவியைத் திருப்பும்போது அந்த மின்சாரம் ஏசிசி (ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் நிலை), ஆன், ஸ்டார்ட் என்று ஒவ்வொரு ஒயராகப் போகிறது. கிட்டில் உள்ள பெட்டி இதையே ரிலேக்களை, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகளை, வைத்துச் செய்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் ரேடியோ, ஏசி ஃபேன் எல்லாம் கொஞ்சம் அணைந்துகொள்ள வேண்டும், ஆனால் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் போகும் லைன் ஒரு கணம்கூட அறுபடக் கூடாது. இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. அதைவிடப் பெரிய கவலை ஒயரின் தடிமன். ஏசி ஃபேன், வைப்பர் என்று பல ஆம்பியர் இழுக்கும் சாமான்கள் இந்த வழியாகத்தான் போகின்றன, கிட்டோடு வரும் ஒயர் மெலிசாக இருந்தாலோ, பழைய ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தாலோ அந்த இணைப்பு சூடேறும், நாளடைவில் உருகும். பேட்டரி லைனில் ஃபியூஸ் இல்லாமல் யார் மாட்டினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இக்னிஷன் சுவிட்சில் இருக்கும் கனெக்டரிலேயே செருகுகிற மாதிரி உங்கள் மாடலுக்கு ஒயரிங் கிடைத்தால் அதை வாங்குங்கள், கார் ஒயரை வெட்டவே வேண்டியதில்லை. மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக் ஒயர். அதன் பக்கம் டெஸ்ட் லாம்ப்பைக் கொண்டுபோகவே கூடாது, மல்டிமீட்டர் வைத்தும் அதை அளந்து பார்க்க வேண்டாம்.

அடுத்தது ஸ்டியரிங் பூட்டு. இது முழுக்க இரும்புக் கொக்கி, சாவி திரும்பினால்தான் பின்னுக்குப் போகும். பட்டனுக்கு அதை நகர்த்தும் வழி கிடையாது. அதனால் மாட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், சாவியை நிரந்தரமாக உள்ளேயே விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் அந்தக் கொக்கியையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கழற்றினால் திருட்டுக்கு ஒரு தடை போச்சு. பாதி அறுத்து, பாதி வளைத்து விட்டால் இன்னும் மோசம், ஓடும்போது அது தன்னால் வந்து விழுந்தால் வளைவில் ஸ்டியரிங் திரும்பாது. இந்த வேலையை எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் செய்யவிடாதீர்கள்.

மூன்றாவது, இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத மின்பூட்டு. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது, அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்தச் சிப்புக்கு உயிர் கொடுத்து, அதன் எண்ணைப் படித்து, கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. எண் பொருந்தாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது, அல்லது இன்ஜின் ஓரிரு நொடி ஓடி அணைந்துவிடும். கிட் மாட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது மாட்டுகிறவர் கடைசியில் சொல்வது இதுதான்: "உங்க ஸ்பேர் சாவியைக் கொடுங்க சார், டேஷ்போர்டுக்குள்ள வெச்சு சுருளைச் சுத்திடலாம்." செய்துவிட்டால் உடனே வேலை செய்யும், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் காரின் சாவி எந்நேரமும் காருக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடியை உடைத்து உள்ளே ஏறுகிறவனுக்கு அப்புறம் தடையாக நிற்பது அந்த மலிவான கிட் மட்டும்தான், அதை இரண்டு ஒயரை இணைத்துத் தாண்டிவிடலாம். உங்கள் காரில் இருக்கிற திருட்டுத் தடுப்பிலேயே மிக உறுதியான பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு விளக்கெரியும் பட்டனை வாங்கிக்கொள்கிறீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்டால் இதற்கு என்ன சொல்வீர்கள்?

அதனால் என் பதில்: முழுச் சாவியில்லா கிட் வேண்டாம். பட்டன் ஆசை விடவில்லை என்றால் சாவியை அப்படியே வைத்துக்கொண்டு, சாவியை ஆன் வரை திருப்பி, ஸ்டார்ட்டுக்கு மட்டும் பட்டனை அழுத்துகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். பூட்டு பூட்டாகவே இருக்கும், சிப் வழக்கம்போல் சாவியிலிருந்தே படிக்கப்படும். இது ஒன்றும் புதிது இல்லை. 1912-இல் கேடிலாக் காரில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்த பிறகு பல ஆண்டுகள் பெரும்பாலான கார்களில் ஸ்டார்ட் செய்வதற்குத் தனிப் பட்டனோ மிதியோதான் இருந்தது, சாவியைத் திருப்பியே இன்ஜினைக் கிளப்பும் முறையை 1949-இல் கிறைஸ்லர் கொண்டுவந்தது. இதிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பட்டனின் ரிலேவுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வரக் கூடாது, சாவி ஆன் ஆனால் மட்டும் உயிர் பெறும் லைனிலிருந்து வர வேண்டும். அப்புறம், இன்ஜின் ஓடும்போது பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட்டர் பல், சுற்றிக்கொண்டிருக்கும் ஃபிளைவீலின் (இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்) பல்லில் போய் இடிக்கும், கரகரவென்று சத்தம் வரும், பல் தேயும். பல கார்களில் சாவி சுவிட்ச் ஒருமுறை ஸ்டார்ட் செய்தபின் ஆஃப் வரை திரும்பி வராமல் மறுபடி ஸ்டார்ட்டுக்குப் போக விடாது. அந்தத் தடையைப் பட்டனுக்கும் ரிலேவை வைத்து அமைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்கனவே கிட் மாட்டிவிட்டேன். ஓடும்போது குழந்தை பட்டனை அழுத்திவிட்டால் என்ன ஆகும்?

பதில்: கம்பெனியே பட்டன் வைத்துக் கொடுக்கும் கார்களில், ஓடும்போது ஒருமுறை தட்டினால் பொதுவாக இன்ஜின் அணையாது. சில நொடி விடாமல் பிடித்திருக்க வேண்டும், அல்லது அடுத்தடுத்துப் பலமுறை அழுத்த வேண்டும். வண்டியின் வேகம் கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்பதால் இது முடிகிறது. விலை குறைந்த பல கிட்களுக்கு வேக சிக்னல் இணைப்பே கிடையாது, ஓடுகிறதா நிற்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. ஆளில்லாத திறந்த இடத்தில் மிக மெதுவாக ஓட்டி, பட்டனை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உடனே அணைந்தால் அந்தக் கிட் காரில் இருக்கக் கூடாது.

அணைந்தால் ஸ்டியரிங் கனத்துப்போகும், பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதோடு ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஷெவர்லே கோபால்ட் போன்ற விலை குறைந்த கார்களின் இக்னிஷன் சுவிட்ச், ஓடும்போதே ஆன் நிலையிலிருந்து ஏசிசிக்கு நழுவியதால்தான் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றது. அந்தக் குறையால் இறந்ததாக இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டவர்கள் 124 பேர். அங்கே பழுதானது ஒரு சின்ன சுவிட்ச், அதை வடிவமைத்ததும் ஒரு பெரிய கம்பெனி. உங்கள் கிட் இருப்பது அதே சுவிட்சின் இடத்தில்.

கொள்ளையைத் தடுக்கிறேன் என்று ஓடுகிற இன்ஜினைத் தானாக அணைக்கும் வசதி சில கிட்களில் இருக்கும். அது உங்கள் கிட்டில் இருந்தால் இன்றைக்கே அணைத்து வையுங்கள்.

கேள்வி: மேனுவல் கியர் காரில் ரிமோட் ஸ்டார்ட்டும் சேர்த்து வைக்கலாமா? ஏறும் முன்பே ஏசி குளிர்ந்திருக்கும்.

பதில்: கூடாது. கியரில் விட்டு நிறுத்தியிருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை முன்னால் தள்ளும், இன்ஜின் பிடித்தால் நிற்காமல் போகும், முன்னால் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. பட்டனுக்கும் இதே விதிதான்: கிளட்ச் முழுதாக மிதித்தால் மட்டும் மூடும் சுவிட்ச் ஒன்றை ஸ்டார்ட்டர் லைனில் தொடராக வைத்தே ஆக வேண்டும். பிரேக் விளக்கு சுவிட்சை மட்டும் இணைத்துவிட்டுப் போதும் என்பார்கள், மேனுவல் காருக்கு அது போதாது.

கேள்வி: கிட் மாட்டியதிலிருந்து ஒரு வாரம் வெளியூர் போய் வந்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பேட்டரி பழுதா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் கிட்டைச் சந்தேகப்படுங்கள். ரிமோட் பக்கத்தில் வருகிறதா என்று அந்தப் பெட்டி இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது 60 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.44 ஆம்பியர்-ஹவர் (Ah) போகிறது, 35 ஆம்பியர்-ஹவர் உள்ள சின்னப் பேட்டரியில் 12 நாளில் பாதி காலி, கார் தானாக இழுப்பது இதில் சேரவில்லை. வண்டியை அணைத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து பேட்டரியின் நெகட்டிவ் லைனில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதிகம் என்றால் கிட்டின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மறுபடி அளந்தால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

கேள்வி: டாப் மாடலின் கம்பெனி பட்டனையே வாங்கி என் காரில் மாட்டினால்?

பதில்: பட்டன் மட்டும் போதாது. அந்த மாடலில் ஸ்டியரிங் பூட்டே மின்சாரத்தில் இயங்குவதாக இருக்கலாம், ரிமோட்டைத் தேடும் ஆன்டெனாக்கள் வேறு, பாடி கம்ப்யூட்டர் வேறு, ஒயரிங்கும் வேறு. எல்லாவற்றையும் வாங்கி மாற்றினாலும் இன்ஜின் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கோடிங் செய்யாமல் வண்டி கிளம்பாது. அடுத்த கார் வாங்கும்போது டாப் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதானா?

பதில்: கம்பெனி பட்டன் உள்ள கார்களில் ரிமோட்டைப் பட்டன் மேலேயோ அதற்கென்று உள்ள இடத்திலோ ஒட்டிப் பிடித்தால் உள்ளே இருக்கும் சிப்பைப் படித்து ஸ்டார்ட் ஆகும். வெளி கிட்களில் சிலவற்றில் ரகசிய எண் முறை இருக்கிறது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. மாட்டியவரை உங்கள் கண் முன்னாலேயே ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.