செயற்கைப் புல்: கத்தியை எடுக்கும் முன் கேளுங்கள்

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர்: பால்கனி பத்துக்கு எட்டடி. ரோல் ஆறரை அடி அகலம்தான். எப்படி வெட்டி ஒட்டுவது?

ஒரு ஒட்டு வரும், தவிர்க்க முடியாது. முதலில் வெயிலில் விரித்து இரண்டு மணி நேரம் கிடக்க விடுங்கள், சுருட்டல் படியட்டும். அப்புறம் கவிழ்த்துப் போட்டு, முதுகுப்பக்கத்தில் தையல் வரிசைகளுக்கு நடுவே கட்டரை ஓட்டுங்கள். மேலிருந்து வெட்டினால் இழைகளும் அறுந்து மொட்டையாகிவிடும். ஒட்டுகிற ஓரங்களில் இரண்டு தையல் வரிசையை நறுக்கித் தள்ளுங்கள். பிளேடு மழுங்கினால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இரண்டு துண்டிலும் புல் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று திரும்பிவிட்டால் இரண்டு நிறமாகத் தெரியும். ஒட்டில் விடும் இடைவெளி தையல் இடைவெளி அளவுதான். கீழே டேப், அதன்மேல் பசை. இழைகளை விரலால் விலக்கி அழுத்துங்கள்.

லாஸ்பேட்டை: கத்தரிக்கோலால் மேலிருந்தே வெட்டலாமா?

வேண்டாம், முதல் பதிலைப் படியுங்கள்.

முத்தியால்பேட்டை: மொட்டை மாடியில் ஆணி அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம், தளம் ஒழுகும். ஓரங்களில் பசை போதும். வடிகுழாய் வாயை மட்டும் மூடிவிடாதீர்கள். நான் போட்ட ஒரு மாடியிலேயே அதைக் கவனிக்காமல் விட்டேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் மழையில் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர். வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

தேவனாம்பட்டினம்: மண் தரை, கடற்கரை பக்கம். புல்லின் மேலே தூவக் கடல் மணலே போதுமா?

உப்பு மணல் வேண்டாம், கழுவிய சிலிக்கா மணல் வாங்குங்கள். ஆணி ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசியது. சாதா இரும்பு உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும்.

நெல்லிக்குப்பம்: புல் கிழக்கே சாய வேண்டும் என்கிறார் மேஸ்திரி. வாஸ்துவாம்.

நீங்கள் உட்காரும் பக்கம் சாயட்டும். அங்கிருந்து பார்த்தால்தான் அடர்த்தியாகத் தெரியும்.

வில்லியனூர்: பிளாஸ்டிக்குக்கு வாஸ்துவா? பேசாமல் அருகம்புல் வளர்க்கலாமே!

மண்ணும் தண்ணீரும் வெயிலும் இருந்தால் வளருங்கள், நானே சொல்வேன். மே மாத மதியத்தில் செயற்கைப் புல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது, அதுவும் உண்மை.

நெல்லிக்குப்பம்: அருகம்புல்லை யார் வெட்டுவது, நீங்களா?

வில்லியனூர்: என் வீட்டு ஆடு வெட்டும்.

ஆட்டை மாடிக்கு ஏற்றுவதை நீங்கள் இருவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர்?

பாகூர்: கத்தரிக்கோல் போதுமா சார்?

முதுகுப்பக்கம். கட்டர். புது பிளேடு.